பெயரை மாற்றினால் துயர் மாறுமா?

2024-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திலே முள்ளிவாய்க்காற் கரையை அண்டி ஒரு படகு வந்து நின்றது. அதிலே நூற்றுக்கு மேற்பட்டோர் இருந்தனர். அவர்களிற் பலர் சிறுவர், கைக்குழந்தைகளும் இருந்தன. பர்மாவின் அரக்கான் பகுதியிலே பிறந்து, பிறந்த மண்ணிலே பிரசாவுரிமை மறுக்கப்பட்ட ரோகிங்யா மக்கள் அவர்கள். அவர்களைக் கண்ட நம் கடற்றொழிலாளரும் கரையோர மக்களும், நீங்கள் யார், எந்த மதம், என்ன பத்திரம் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. உணவும் நீரும் கொடுத்தார்கள். அதன் பின்னரே அரசாங்கம் வந்தது. படகிலிருந்தோர் திருகோணமலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அங்கிருந்து கேப்பாப்பிலவு விமானப்படை முகாமுக்கு மாற்றப்பட்டனர். அவர்களைத் திருப்பி அனுப்புவது பற்றிய பேச்சும் எழுந்தது.

கரையில் நின்றவர்களுக்கு அவர்கள் அகதிகள். அலுவலகங்களில் இருந்தவர்களுக்கோ அவர்கள் சட்டவிரோதமாக நாட்டுக்குள் நுழைந்தவர்கள். ஒரே மனிதருக்கு இரண்டு பெயர்கள். இவற்றுள் எந்தப் பெயர் நிலைக்கிறதோ அதனைப் பொறுத்தே அம்மனிதரின் வாழ்வும் அமைகிறது. இது இன்று நேற்றுத் தோன்றிய வழக்கமன்று. அந்தப் படகு எந்த நாட்டிலிருந்து வந்ததோ, அதே நாட்டிலிருந்து 1942-ஆம் ஆண்டிலே இலட்சக்கணக்கான மக்கள் மலைகளையும் காடுகளையும் கால்நடையாகக் கடந்து ஓடினார்கள். அவர்களிலே தமிழர் பல்லாயிரவர். அன்றும் அவர்களுக்கு 'அகதி' என்ற பெயர் கொடுக்கப்படவில்லை. அந்த வரலாற்றை நம் வாசகர்கள் முன்னே வைப்பது இவ்வேளையிலே நமது கடமையென்று கருதுகிறோம்.

நெல்லும் கடனும்

1852-ஆம் ஆண்டுப் போரின் பின் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைக்குச் சென்றது. ஐராவதி ஆற்றின் கழிமுகம் அக்காலத்திலே பெரும்பாலும் சதுப்பு நிலமும் காடுமாகவே கிடந்தது. 1869-இல் சுயெஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் நெல் பொன்னாயிற்று. காடு வெட்டவும் வரம்பு கட்டவும் அறுவடை செய்யவும் ஆலைகளிலே மூடை சுமக்கவும் ஆட்கள் தேவைப்பட்டனர். தமிழ்நாட்டிலிருந்தும் ஆந்திரக் கரையிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் கப்பல் கப்பலாகத் தொழிலாளர் சென்றனர். இலங்கைத் தோட்டங்களிலே கங்காணி எப்படியோ, அப்படியே பர்மாவிலே மேஸ்திரி. முன்பணம் கொடுத்து ஆளைக் கட்டிப்போடும் முறை இரண்டு நாடுகளுக்கும் பொதுவாக இருந்தது.

தொழிலாளர் உடலுழைப்பைக் கொண்டுசென்றனர். செட்டிநாட்டு வணிகர் மூலதனத்தைக் கொண்டுசென்றனர். பர்மியக் கமக்காரன் அவர்களிடமே கடன் பெற்று நிலத்தைத் திருத்தினான். 1930-ஆம் ஆண்டை ஒட்டி உலகெங்கும் பொருளாதார மந்தம் பரவி நெல் விலை சரிந்தபோது, கடனைத் திருப்ப அவனால் முடியவில்லை. ஈடு வைத்த நிலம் ஈடாகவே போயிற்று. 1930-இலே கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்கள் பதின்மூன்றிலும் நூற்றுக்கு ஆறு பங்கு நிலமே செட்டிமார் கையில் இருந்தது. 1938-இலே அது நூற்றுக்கு இருபத்தைந்து பங்காயிற்று. எட்டே ஆண்டுகளில் நேர்ந்த மாற்றம் இது. பெரும்பாலான செட்டிமார் அந்நிலத்தை விரும்பி வாங்கியவர்கள் அல்லர். அவர்களுக்கு வேண்டியது பணமேயன்றி நிலமன்று. ஆயினும் தன் வயலிலே தானே குத்தகைக்காரனாக நின்ற பர்மியக் கமக்காரனுக்கு அந்த விளக்கம் என்ன ஆறுதலைத் தரும்? வயலை இழப்பதன் வேதனையைக் கமக்காரருக்கு நாம் விளக்கவேண்டியதில்லை. அவனுடைய கோபத்திலே நியாயம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்வதே நேர்மை.

ஆனால் அந்தக் கோபம் எவர் தலையிலே விழுந்தது? 1930 மே மாதத்திலே இரங்கூன் துறைமுகத்தில் எழுந்த கலகத்திலே மாண்டவர்கள் வட்டிக்காரர்கள் அல்லர். மூடை சுமந்த தெலுங்குத் தொழிலாளர்கள். 1938-இலே மீண்டும் கலகம் மூண்டபோதும் அடிபட்டவர்கள் பெரும்பாலும் ஏழைகளே. ஆட்சியாளன் தூரத்தில் இருந்தான், முதலாளி பாதுகாப்பாக இருந்தான், கைக்கெட்டியவன் கூலிக்காரன். இதனை நாம் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டும்.

இரு பாதைகள்

1931-ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கின்படி பர்மாவிலே பத்து இலட்சத்துக்குச் சற்று மேற்பட்ட இந்தியர் இருந்தனர். இரங்கூன் நகரத்து மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் அவர்களே. 1937-இலே பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. நேற்றுவரை ஒரே ஆட்சியின் கீழ் ஒரு மாகாணத்திலிருந்து இன்னொரு மாகாணத்துக்குச் சென்றவர்கள், ஒரே நாளிலே அந்நிய நாட்டில் வாழ்வோராயினர்.

1941 டிசம்பர் 23-ஆம் நாள் யப்பானிய விமானங்கள் இரங்கூன் மீது குண்டு வீசின. இரண்டு நாள் கழித்து மீண்டும் வீசின. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். துறைமுகத் தொழிலாளரும் நகரசுத்தித் தொழிலாளரும் கையிற் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வடக்கே புரோம் வீதியால் நடக்கத் தொடங்கினர். துறைமுகம் இயங்கவேண்டும் என்பதற்காக அதிகாரிகள் அவர்களிற் பலரைத் திரும்ப அழைத்து வந்தனர். திரும்பி வந்தவர்களைக் காப்பதற்கு அந்த அரசாங்கத்திடம் ஆற்றல் இருந்ததா? 1942 மார்ச் 7-ஆம் நாள் ஆங்கிலப் படை நகரத்தைக் கைவிட்டது. மறுநாள் யப்பானியர் புகுந்தனர். கப்பலேற வசதி படைத்தவர்களும் வாய்ப்புப் பெற்றவர்களும் முன்னரே போய்விட்டனர். எஞ்சியவர்களுக்குக் கால்களே துணை.

ஒரு பகுதியினர் புரோமிலே ஐராவதியைக் கடந்து, தவுங்குப் கணவாய் வழியாக அரக்கான் கரைக்கு நடந்து, அக்கியாபிலிருந்து சிற்றகொங் சென்றனர். மற்றையோர் மண்டலேக்குச் சென்று, அங்கிருந்து சிந்துவின் ஆற்றைக் கடந்து, தாமு, பாலேல் வழியாக மணிப்பூரின் இம்பாலை அடைந்தனர். அதற்கும் வழியடைபட்ட பின்னர் சென்றவர்கள் வடக்கே ஊக்கோங் பள்ளத்தாக்கு வழியாக அசாமின் லீடோவை நோக்கி நடந்தனர். மே மாத நடுவிலே மழை தொடங்கியது. அந்தப் பள்ளத்தாக்கிலே முழங்காலளவு சேறு, அட்டை, மலேரியா, வாந்திபேதி. பாதையோரத்திலே பிணங்கள் கிடந்தன. அடக்கம் செய்வதற்கு எவருக்கும் வலுவில்லை. தாயை விட்டுப் பிள்ளையும் பிள்ளையை விட்டுத் தாயும் நடக்க நேர்ந்தது. நடந்து மீண்டோர் நாலைந்து இலட்சம் பேர் என்பர். வழியிலே மாண்டோர் பத்தாயிரம் என்றும் ஐம்பதினாயிரம் என்றும் அதற்கும் மேல் என்றும் ஆய்வாளர் வெவ்வேறு மதிப்பீடுகளைக் கூறுவர். ஒருவர் ஒருவராக எண்ணிப் பார்க்க எவரும் அங்கு இருக்கவில்லை என்பதே இந்த வேறுபாட்டின் பொருள்.

இத்துணைத் துயரத்தின் நடுவிலும் நிறம் மறக்கப்படவில்லை. தாமுவிலிருந்து பாலேல் செல்லும் மலைப்பகுதியிலே வெள்ளையருக்கு ஒரு பாதை, கறுப்பருக்கு இன்னொரு பாதை என்று மக்கள் பெயரிட்டு வழங்கும் நிலை ஏற்பட்டது. இந்தியத் தலைவர்கள் கொதித்தெழுந்தனர். காந்தியடிகள் 'ஹரிஜன்' பத்திரிகையிலே இதனைக் கண்டித்து எழுதினார். அதே ஆண்டு ஆகஸ்டிலே 'வெள்ளையனே வெளியேறு' என்ற குரல் எழுந்ததற்குரிய காரணங்களில், பர்மாவிலிருந்து மீண்டவர்கள் சொன்ன கதைகளும் ஒன்று. ஆபத்து வேளையிலே தன் குடிகளை நிறம் பார்த்துப் பிரிக்கும் அரசு, அமைதிக் காலத்திலே அவர்களை ஆளும் உரிமையை இழந்துவிடுகிறது.

இன்னொன்றையும் கூறுவோம். அந்த மலைப்பாதைகளிலே தங்கல்முகாம்களை அமைத்து, கஞ்சி காய்ச்சிக் கொடுத்து, வீழ்ந்தவர்களைத் தூக்கி வந்த வேலையிலே பெரும்பங்கு அசாம் தேயிலைத் தோட்டங்களுக்கு உரியது. ஏற்பாடு செய்தவர்கள் தோட்டத்துரைமார். ஆனால் மலையை வெட்டிப் பாதை சமைத்தவர்களும் சுமை தூக்கியவர்களும் தோட்டத் தொழிலாளர்களே. அவர்களும் ஒரு காலத்திலே சொந்த ஊரைவிட்டுக் கொண்டுவரப்பட்டவர்கள்தாம். முள்ளிவாய்க்காலிலே நாம் கண்டதும் இதுவேயன்றோ? இழந்தவனே இழந்தவனுக்கு முதலிற் கைகொடுக்கிறான்.

நம் அடுப்பிலும் எரிந்த நெருப்பு

பர்மாவின் வீழ்ச்சி நமக்குத் தொலைவில் நிகழ்ந்த செய்தியாக இருக்கவில்லை. இலங்கை உண்ட அரிசியிற் பெரும்பகுதி கப்பலிலே வந்தது. அதிலே பெரும்பங்கு பர்மா அரிசி. 1942-இலே அது நின்றது. கூப்பன் அரிசி வந்தது. கோதுமை மா நம் அடுக்களைக்குள் புகுந்து நிலைத்தது. அதற்கு முன்னமே, பெப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்ததும், மலாயாவிலே உத்தியோகம் பார்த்த யாழ்ப்பாணத்தவரின் கடிதமும் காசும் நின்றுபோயின. ஏப்ரல் 5-ஆம் நாள் கொழும்பிலும் 9-ஆம் நாள் திருகோணமலையிலும் குண்டுகள் விழுந்தன. கொழும்பிலிருந்தவர்கள் ஊர்களை நோக்கி விரைந்தனர். வங்காளத்திலோ 1943-இலே பெரும்பஞ்சம் மூண்டு, இலட்சக்கணக்கானோர் மாண்டனர். பர்மா அரிசி வராமற்போனது அதற்குரிய காரணங்களுள் ஒன்று. ஐராவதிக் கரையிலே ஏரைக் கைவிட்டு ஓடிய ஒருவனுடைய துயரம், கடல் கடந்து கல்கத்தா வீதியிலும் வடமராட்சி அடுப்படியிலும் வந்து நின்றது.

ஒரே ஆண்டில் இரண்டு முடிவுகள்

போர் முடிந்தது, ஆனால் துயர் முடியவில்லை. பர்மா 1948 சனவரியிலும் இலங்கை பெப்ரவரியிலும் சுதந்திரம் பெற்றன. அதே ஆண்டிலே இரண்டு நாடுகளும் பிரசாவுரிமைச் சட்டங்களை இயற்றின. இங்கே ஏழு இலட்சம் வரையான மலையகத் தமிழர் நாடற்றவராயினர். அங்கே பர்மாவிலேயே பிறந்து வளர்ந்த இந்தியரிற் பெருந்தொகையினர் அந்நியராகவே இருந்தனர்.

1962-இலே தளபதி நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1964 மார்ச்சிலே கடைகளையும் வணிக நிலையங்களையும் அரசுடைமையாக்கினார். மே மாதத்திலே ஐம்பது, நூறு கியாத் நோட்டுகள் செல்லாவென்று அறிவிக்கப்பட்டது. கடை போயிற்று; பெட்டியில் இருந்த காசும் போயிற்று. அடுத்த சில ஆண்டுகளுள் மூன்று இலட்சம் வரையான இந்தியர் பர்மாவை விட்டு வெளியேறினர். ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் தமிழ்நாட்டுக்கு வந்தனர். சென்னையில் இன்றும் 'பர்மா பஜார்' என்று வழங்கும் கடைவீதி அவர்களுடைய நினைவுச் சின்னம். அதே 1964 ஒக்டோபர் 30-ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கைச்சாத்திட்டனர். ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் மனிதர் கூறுபோடப்பட்டனர்: இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000, மீதி 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பார்ப்போம் என்றனர். அந்த மனிதரின் விருப்பத்தை எவரும் கேட்கவில்லை. அந்த அநீதியின் கடைசிக் கணக்குத் தீர 2003-ஆம் ஆண்டுச் சட்டம் வரையில் காத்திருக்க வேண்டியதாயிற்று.

இப்படி வந்தவர்களுக்கெல்லாம் என்ன பெயரிட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். 1942-இலே நடந்து வந்தவர்கள் 'அப்புறப்படுத்தப்பட்டோர்'. ஒரே பேரரசின் குடிகள் ஒரு பகுதியிலிருந்து மறு பகுதிக்கு வந்தார்களாம். ஆகவே அவர்கள் அகதிகள் அல்லராம். 1964-இன் பின்னர் வந்தவர்கள் 'தாயகம் திரும்பியோர்'. இரங்கூனிலும் அட்டனிலும் பிறந்த பிள்ளைக்கு, தான் ஒருபோதும் காணாத இராமநாதபுரம் தாயகமாயிற்று. மண்டபம் முகாம் இதற்குச் சாட்சி. இலங்கைத் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளரை நோய்த்தடுப்புக்கென்று நிறுத்தி வைத்த இடம் அதுவே. தாயகம் திரும்பியோர் வந்திறங்கிய இடமும் அதுவே. 1983-இன் பின்னர் நம் மக்கள் அகதிகளாகச் சென்று தங்கிய இடமும் அதுவே. இடம் மாறவில்லை, வாயிலிலே தொங்கிய பெயர்ப்பலகைதான் மாறியது.

தமிழ்நாட்டிலே வேர்கொள்ள முடியாத சிலர், பர்மாவுக்கே மீள எண்ணித் தரைவழியாகப் புறப்பட்டனர். எல்லையிலே தடுக்கப்பட்டனர். தடுக்கப்பட்ட இடத்திலேயே குடியேறினர். மணிப்பூரிலே தாமுவுக்கு எதிரேயுள்ள மோரே என்னும் அந்த ஊரிலே தமிழர் கோவில் கட்டினார்கள், வணிகம் செய்தார்கள். 1942-இலே தமிழர் உயிர்தப்பி மேற்கே ஓடிய அதே பாதையிலே, கிழக்கே திரும்ப முயன்ற தமிழர் நின்றுபோனார்கள். ஓர் இனத்தின் அலைச்சலை இதனைவிடச் சுருக்கமாகச் சொல்ல எவராலும் இயலாது.

ஐரோப்பாவின் சட்டம், ஆசியாவின் அகதி

1951 யூலை 28-ஆம் நாள் ஜெனீவாவிலே அகதிகள் பற்றிய உடன்படிக்கை நிறைவேறியது. அகதி யார் என்பதற்கு அது விளக்கம் கூறியது. உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்துள்ள இடத்துக்கு அகதியைத் திருப்பி அனுப்பலாகாது என்றும் விதித்தது. ஆனால் 1951 சனவரி முதலாம் நாளுக்கு முன் நிகழ்ந்தவற்றையே அது கருத்திற் கொண்டது. ஐரோப்பாவில் நிகழ்ந்தவற்றோடு நிறுத்திக்கொள்ளவும் நாடுகளுக்கு இடம் கொடுத்தது. இந்த எல்லைகளை நீக்குவதற்கு 1967-ஆம் ஆண்டு இணைப்புடன்படிக்கை வரவேண்டியிருந்தது. தென்னாசியாவோ ஒதுங்கியே நின்றது. இந்தியா கைச்சாத்திடவில்லை, பங்களாதேசம் கைச்சாத்திடவில்லை, இலங்கையும் கைச்சாத்திடவில்லை. உலகிலேயே பெருந்தொகையான அகதிகளைக் கண்ட இந்தப் பகுதியிலே, அகதி என்ற சொல்லுக்குச் சட்டத்தில் இடமில்லை.

ரோகிங்யா மக்களின் கதை இந்த வரலாற்றின் தொடர்ச்சியே. 1942-இலே ஆங்கிலேயர் பின்வாங்கிய வேளையிலே அரக்கானில் பௌத்தரும் முஸ்லிம்களும் ஒருவரை ஒருவர் கொன்றனர். முஸ்லிம்கள் வடக்கே ஓடினர், பௌத்தர் தெற்கே ஓடினர். அந்தப் புண் ஆறவில்லை. 1978-இலே இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட முஸ்லிம்கள் வங்கத்துக்கு விரட்டப்பட்டனர். 1982-ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் ரோகிங்யா மக்களை நாடற்றவராக்கியது. 2017 ஆகஸ்டில் தொடங்கிய இராணுவ நடவடிக்கையிலே ஏழு இலட்சத்துக்கு மேற்பட்டோர் சில மாதங்களுள் எல்லையைக் கடந்தனர். முதலிலே பிரசாவுரிமை போகிறது. பின்னர் நிலம் போகிறது. இறுதியிலே உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு ஓடவேண்டியிருக்கிறது. இந்த ஒழுங்கு முறை நமக்குப் புதியதா?

நமது நிலை யாது?

நம்மவரிற் சிலர் கேட்கலாம்: 'எங்கள் காணிகளே இன்னும் முழுவதும் எங்கள் கைக்கு வரவில்லை, எங்கள் பிள்ளைகளைப் பற்றியே பதில் கிடைக்கவில்லை, இந்த நிலையிலே பிறருக்காகப் பேச நமக்கு என்ன இருக்கிறது?' கேள்வி நியாயமானதே. ஆனால் அதற்கு விடை நம் வரலாற்றிலேயே இருக்கிறது. 1995 ஒக்டோபர் 30-ஆம் நாள் வலிகாமம் முழுவதும் ஒரே இரவிலே செம்மணி வழியாகத் தென்மராட்சிக்கு நடந்தது. மழையிலே, இருளிலே, முதியோரைச் சைக்கிளில் இருத்தித் தள்ளிக்கொண்டு நடந்தவர்களிற் பலர் இன்று இதனை வாசிக்கின்றனர். அன்று தென்மராட்சியிலே படலையைத் திறந்துவிட்டவர்கள் எந்தச் சட்டத்தைப் பார்த்துத் திறந்தார்கள்?

அதே ஒக்டோபர் 30-ஆம் நாளுக்கு இன்னொரு நினைவும் உண்டு. 1990-இலே அந்த நாளில், யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் சில மணி நேர அவகாசத்திலே விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அம்மாதத்திலே வட மாகாணம் முழுவதிலுமிருந்து விரட்டப்பட்டோர் எழுபதினாயிரம் வரையிலாவர். தமிழ் பேசிய நம் அயலவரே அவர்கள். இதனை எழுதாமல் விட்டு, அகதிகளுக்காக வாதாடும் தகுதி நமக்கு இல்லை. பிறர் நம்மை விரட்டியதை நினைவிற் கொள்வதற்கு நமக்கு உரிமை இருக்கிறதென்றால், நம் மத்தியிலிருந்து விரட்டப்பட்டவர்களை நினைவிற் கொள்வது நமது கடமை. பர்மியக் கமக்காரனின் நியாயமான கோபம் மூடை சுமந்தவன் மீது விழுந்தது அநீதியென்றால், நம்முடைய நியாயமான கோபமும் தவறான வாயிலைத் தட்டிவிடாமற் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே நாம் கேட்பவை இவை. 1951-ஆம் ஆண்டு உடன்படிக்கையிலும் 1967-ஆம் ஆண்டு இணைப்பிலும் இலங்கை சேரவேண்டும். அதுவரையிலும், அடைக்கலம் தேடி வருவோரின் நிலையை விசாரித்து முடிவு செய்வதற்கு உள்நாட்டுச் சட்டம் ஒன்று வேண்டும். அது இல்லையென்ற காரணத்தால் அரசாங்கம் கையை விரிக்கவும் முடியாது. சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையை 1994-இலே இலங்கை ஏற்றது. சித்திரவதைக்கு ஆளாகக்கூடிய நாட்டுக்கு எவரையும் அனுப்பலாகாது என்பது அதன் மூன்றாம் உறுப்புரை. அந்த வாக்குறுதி எழுதப்பட்ட காகிதம் கொழும்பிலேயே இருக்கிறது. அடைக்கலம் கேட்டு வந்த குழந்தையைக் குற்றவாளியைப்போல் அடைத்து வைப்பது எந்தச் சட்டத்தின் பெயராலும் நியாயமாகாது. நம் சட்டத்தரணிகள் இத்தகையோருக்காக மன்றுகளிலே தோன்ற வேண்டும். நம் வைத்தியர்கள் அவர்களைச் சென்று பார்க்க வேண்டும். இந்தியாவிலிருந்து மீண்டு வரும் நம் மக்களுக்குப் பிறப்புப் பத்திரமும் காணியும் தடையின்றிக் கிடைக்கச் செய்வதும் இதே கடமையின் மறுபக்கம்.

இன்னொரு வேலையும் உண்டு. பர்மாவிலிருந்து நடந்து வந்தோரையும் மலாயாவிலே யப்பானியர் காலத்தைக் கண்டோரையும் காலம் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டே போகிறது. அவர்கள் சொல்லிவிட்டுப் போன கதைகள் இன்னும் சில வீடுகளிலே பேச்சாக இருக்கின்றன. அவற்றை எழுதி வையுங்கள். அந்த மலைப்பாதையிலே மாண்டவர்களை எண்ணுவதற்கு ஒருவரும் இருக்கவில்லை என்ற குறையைச் சென்ற தலைமுறையோடு நிறுத்திக்கொள்வோம்.

அகதி என்ற சொல்லுக்குப் போக்கிடம் இல்லாதவன் என்பது பொருள். அப்படிப்பட்டவனை அப்புறப்படுத்தப்பட்டோன் என்றாலும், தாயகம் திரும்பியோன் என்றாலும், சட்டவிரோதமாக நுழைந்தோன் என்றாலும் அவனுக்குப் போக்கிடம் பிறந்துவிடப் போவதில்லை. முள்ளிவாய்க்காற் கரையிலே சோறும் நீரும் கொண்டு ஓடிய மக்கள் இதனை எந்தப் பள்ளியிலும் கற்கவில்லை, பட்டறிந்தார்கள். அவர்கள் அறிந்ததை அரசாங்கமும் அறியட்டும்.